குரல் ஏறிய அலை: வானொலிப் பண்பேற்றத்தின் வரலாறு

மனிதக் குரலை மின்சாரமாக மாற்றும் வித்தை 1870களிலேயே தொலைபேசியோடு வந்துவிட்டது. அந்த மின்சாரத்தை அப்படியே ஏரியலில் ஏற்றி வானில் விடுவதுதான் நடக்காத காரியமாக இருந்தது. 1,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 கிலோமீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு உயரத்துக்காவது ஏரியல் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கம்பம் 75 கிலோமீட்டர் உயரம் போக வேண்டும். அப்படி ஒன்றை நட்டுவிட்டாலும் எல்லா நிலையங்களும் ஒரே அதிர்வெண்களில்தான் பேசும். ஒன்றை விலக்கி மற்றொன்றைக் கேட்க வழி இராது. ஆகவே மிக வேகமாக அதிரும் ஓர் ஊர்தி அலையை உண்டாக்கி, அதன் ஏதேனும் ஒரு பண்பைக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மாற்றி அனுப்புகிறார்கள். பண்பேற்றம் என்பது இதுதான். மாற்றுவதற்கு உள்ளவை வீச்சு, அதிர்வெண், கட்டம் என்ற மூன்றுதான். இந்த மூன்றையும் பொறியாளர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது நூறாண்டுக் கதை. அதில் எந்த முறை வென்றது என்பதைக் கணக்கு மட்டும் தீர்மானிக்கவில்லை. கேட்பவர் வீட்டுப் பெட்டிக்கு என்ன விலை ஆகும் என்ற கேள்வியே பல நேரம் தீர்ப்பு எழுதியது.

முதல் தலைமுறைக் கம்பியில்லாத் தந்திக்குப் பண்பேற்றம் என்று சொல்லத்தக்க எதுவும் தேவைப்படவில்லை. மின்பொறி தெறித்தால் அலை உண்டு, தெறிக்காவிட்டால் இல்லை. 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து புறப்பட்ட மூன்று புள்ளிகளை, அதாவது மோர்ஸ் குறியீட்டின் ‘எஸ்’ எழுத்தை, அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தது இந்த முறையில்தான். பொறியிலிருந்து பிறக்கும் அலை, எழுந்த மறுகணமே தேய்ந்து அடங்கிவிடும். அப்படித் தேய்கிற அலை ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. இருபுறமும் அகலமாகப் பரவிப் பக்கத்து நிலையங்களையும் அமுக்கிவிடும். வாங்கும் முனையில் இருந்த கொஹீரர் என்ற உலோகத்தூள் குழாய்க்கும் ‘உண்டு, இல்லை’ என்ற இரண்டைத் தவிர வேறு தெரியாது. அலை எவ்வளவு வலுவானது என்று அதனால் சொல்ல முடியாது. அனுப்பும் பக்கம் தேய்கிற அலை, வாங்கும் பக்கம் அளவறியாத கருவி: இந்த இரண்டும் இருக்கும்வரை குரலுக்கு இடமே இல்லை.

இரண்டையும் சேர்த்துத் தாக்கியவர் கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெசெண்டன். எடிசனிடம் வேலை பார்த்து, பிறகு அமெரிக்க வானிலைத் துறைக்காகக் கம்பியில்லாத் தந்தி ஆராய்ச்சியில் இறங்கியவர். மேரிலாந்து மாநிலத்தின் காப் தீவில் 1900 டிசம்பர் 23 அன்று, விநாடிக்குச் சுமார் 10,000 பொறிகள் தெறிக்கும் டிரான்ஸ்மிட்டரின் ஏரியல் சுற்றில் ஒரு கார்பன் மைக்ரோஃபோனைப் பொருத்திப் பேசினார். ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த உதவியாளரிடம், அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டார். பொறியின் இரைச்சலுக்கு நடுவே கேள்வி புரிந்தது. பெய்கிறது என்று தந்தியில் விடை வந்தது. வானொலி அலையில் ஏறிய முதல் குரல்களில் ஒன்று வானிலை விசாரித்தது, அவர் அப்போது சம்பளம் வாங்கிய இடத்துக்குப் பொருத்தமானதே.

பொறியால் இதற்கு மேல் போக முடியாது என்பதும் அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. தேயாமல் ஓடும் அலை வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் அவருக்காக ஓர் உயர் அதிர்வெண் மின்னாக்கியைச் செய்து கொடுத்தார். மின்நிலையங்களில் சுழலும் ஜெனரேட்டரின் உறவுதான். ஆனால் விநாடிக்கு 50,000 சுழற்சிகளுக்கும் மேல் தரும் வேகம். மாசசூசெட்ஸ் கடற்கரையில் பிராண்ட் ராக் என்ற இடத்திலிருந்து 1906 டிசம்பர் 21 அன்று அழைக்கப்பட்ட விருந்தினர் முன்னிலையில் குரல் அனுப்பிக் காட்டப்பட்டது. அதே ஆண்டின் கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் அவர் பாட்டும் வயலினும் ஒலிபரப்பினார் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அந்தத் தகவல் அவரே கால் நூற்றாண்டு கழித்து எழுதிய கடிதத்திலிருந்து வருவது. அக்காலப் பதிவுகள் அதை உறுதிசெய்யாததால் வரலாற்றாசிரியர்களிடையே அது இன்னும் வழக்காகவே இருக்கிறது. அலெக்சாண்டர்சனின் இயந்திரம் பற்றி அப்படி ஐயம் எதுவும் இல்லை. 1924இல் சுவீடனின் கிரிமெட்டனில் நிறுவப்பட்ட ஒன்று 17.2 கிலோஹெர்ட்ஸில் இன்றும் ஆண்டுக்கு ஓரிரு முறை ஓட்டப்படுகிறது. அந்த நிலையம் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஃபெசெண்டனின் அமைப்பில் மைக்ரோஃபோன் ஏரியலின் முழு மின்னோட்டத்தையும் தாங்க வேண்டியிருந்தது. சற்றே அதிகமானால் கருகிவிடும். ஆகவே தண்ணீர் ஓட்டிக் குளிர்வித்தார்கள். வெற்றிடக் குழாய் என்னும் வால்வு வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. சிறிய மின்னோட்டத்தில் உண்டாகும் குரலை வால்வுகள் பெருக்கி, அந்த வலுவால் ஊர்தி அலையின் வீச்சைக் கூட்டிக் குறைத்தன. 1915இல் ஏடி அண்ட் டி நிறுவனம் வாஷிங்டன் அருகே ஆர்லிங்டன் கடற்படை நிலையத்தில் சுமார் 500 வால்வுகளை ஒன்றாக இணைத்துப் பேசியபோது, குரல் ஒரு பக்கம் பாரிஸிலும் மறு பக்கம் ஹொனலூலுவிலும் கேட்டது.

வாங்கும் பக்கத்தில் நடந்தது இதைவிட எளிமையானது. வீச்சுப் பண்பேற்றம் பெற்ற அலையிலிருந்து குரலைப் பிரிக்க, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் ஏதேனும் ஒரு பொருள் போதும். கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தின் மேல் ஒரு கம்பி முனையைத் தொட வைத்தாலே அந்த வேலை நடக்கும். அத்தகைய படிக உணர்கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒரு சுருள், ஒரு படிகம், காதில் மாட்ட ஒரு ஹெட்ஃபோன், கொல்லையில் கட்டிய கம்பி: பேட்டரிகூட இல்லாமல் உள்ளூர் நிலையம் கேட்டது. 1920 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கேடிகேஏ நிலையம் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியபோது கேட்டவர்களிலும் படிகப் பெட்டிக்காரர்கள் இருந்தனர்.

வீச்சுப் பண்பேற்றம் உண்மையில் ஊதாரித்தனமான முறை. குரலை முழு அளவில் ஏற்றினால்கூட, அனுப்பும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு எந்தச் செய்தியும் சுமக்காத ஊர்தி அலையிலேயே போய்விடும். மீதி ஒரு பங்கும், ஊர்தியின் அதிர்வெண்ணுக்கு இருபுறமும் அமையும் இரண்டு பக்கப்பட்டைகளில், ஒரே செய்தியை இருமுறை சொல்கிறது. ஆனால் அந்த வீண் ஆற்றல்தான் படிகப் பெட்டியைச் சாத்தியமாக்கியது. நிலையம் ஒன்று, பெட்டிகள் பல்லாயிரம். ஒரு நிலையத்தின் மின்கட்டணம், ஆயிரக்கணக்கான வீடுகளில் மிச்சமாகும் பணத்தின் முன் சிறியது.

சென்னைக்கு வானொலி வந்ததும் இந்த முறையில்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924இல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப், அந்த ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணம் இல்லாமல் 1927இல் அது மூடப்பட, டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்குப் போனது; 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்காகப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938இல் ஆல் இந்தியா ரேடியோ பொறுப்பேற்றது.

மேலே சொன்ன பக்கப்பட்டைகளைக் கணக்கில் கண்டு, அதிலிருந்து பயன் எடுக்க வழி சொன்னவர் ஏடி அண்ட் டியின் ஜான் கார்சன். ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் அடக்கிவிட்டு மற்றொன்றை மட்டும் அனுப்பினால் போதும் என்ற காப்புரிமையை 1915இல் கோரினார். பக்கப்பட்டைகள் உண்மையில் இருக்கின்றனவா, வெறும் கணித வித்தையா என்ற சண்டை அதன் பிறகும் ஓயவில்லை. வால்வைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங்கே 1930இல் ‘நேச்சர்’ இதழில் அவை கற்பனை என்று வாதிட்டார். அந்தக் கற்பனையில் மூன்று ஆண்டுகளாக வியாபாரம் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1927 ஜனவரி 7 அன்று தொடங்கிய நியூயார்க்–லண்டன் வானொலித் தொலைபேசி ஒற்றைப் பக்கப்பட்டையில் ஓடியது. மூன்று நிமிடப் பேச்சுக்கு 75 டாலர்.

இந்தச் சிக்கன முறை வீட்டு வானொலிக்கு ஏன் வரவில்லை? அனுப்பாமல் விட்ட ஊர்தி அலையை வாங்கும் பெட்டியே உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். அதுவும் மிகத் துல்லியமாக. அதிர்வெண் நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் தவறினாலே பேசுபவர் குரல் வாத்துக் கத்துவதுபோல் ஆகிவிடும். அந்தத் துல்லியம் விலை உயர்ந்தது. ஆகவே ஒற்றைப் பக்கப்பட்டை தொலைபேசி நிறுவனங்கள், கப்பல்கள், ராணுவம், அமெச்சூர் வானொலிக்காரர்கள் என்று பெட்டிக்குச் செலவழிக்கத் தயாராக இருந்தவர்களிடமே தங்கியது.

வீட்டு வானொலி வீச்சுப் பண்பேற்றத்தோடு நின்றதன் குறையைத் தமிழ்நாட்டுச் சிற்றலை நேயர்கள் நன்றாக அறிவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்ட நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையின் ஏக்கலையில் அமைக்கப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் போருக்குப் பின் ரேடியோ சிலோனுக்குக் கிடைத்தது. அதன் தமிழ், இந்தி நிகழ்ச்சிகள் கடல் தாண்டி இந்தியாவெங்கும் கேட்டன. பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அமுங்கி, ஒரு கணம் கரகரத்து உடைந்து, மீண்டும் எழும். அலை அயனி மண்டலத்தில் பட்டுப் பல பாதைகளில் வருவதால் சில அதிர்வெண்கள் மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஊர்தி அலை அப்படி அழியும் கணத்தில், அதை நம்பியே குரலைப் பிரிக்கும் எளிய பெட்டி ஏமாந்துபோகிறது, பாட்டு உடைகிறது.

இன்னொரு குறை இடி மின்னல். மின்னல், டிராம் வண்டி, மோட்டார் எஞ்சின் எல்லாம் அலையின் வீச்சையே கெடுக்கின்றன. செய்தியும் வீச்சில், கேடும் வீச்சில் என்றால் இரண்டையும் பிரிப்பது எப்படி? அதிர்வெண்ணை மாற்றிச் செய்தி அனுப்பலாம் என்ற யோசனை புதியதல்ல. 1903இல் டென்மார்க்கின் வால்டமார் பவுல்சன் உருவாக்கிய மின்வில் டிரான்ஸ்மிட்டரை மோர்ஸ் புள்ளிக்கும் கோட்டுக்கும் ஏற்ப அணைத்து ஏற்ற முடியாது. அணைந்தால் மீண்டும் நிலைப்படுவது சிரமம். ஆகவே வில்லை எரியவிட்டு, விசையை அழுத்தும்போது ஓர் அதிர்வெண், விடும்போது வேறொன்று என்று மாற்றினார்கள். ஒரு நிலையம் இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டது என்று திட்டு வாங்கிய அந்த ஏற்பாடே பிற்காலத்தில் தந்தி அச்சுக்கும் கணினி மோடத்துக்கும் பயன்பட்ட அதிர்வெண் பெயர்ப்பு முறையின் மூதாதை.

குரலை அதிர்வெண்ணில் ஏற்றினால் இடம் மிச்சமாகும் என்று 1920 வாக்கில் பலர் நம்பினர். அதிர்வெண் ஒரு சிறிதளவே அசைந்தால் அலையும் அந்தச் சிறிதளவு இடத்தில்தானே அடங்கும் என்பது அவர்கள் எண்ணம். கார்சன் 1922இல் கணக்குப் போட்டு அது தவறு என்று காட்டினார்: இடம் எந்த வகையிலும் குறையாது. கணக்கு சரி. அதிலிருந்து இந்த முறையால் பயனே இல்லை என்று அவர் எடுத்த முடிவு தவறு. மிச்சம் பிடிக்க நினைக்காமல் தாராளமாகச் செலவழித்தால் என்ன ஆகும் என்று அவர் பார்க்கவில்லை.

பார்த்தவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். மீளூட்டச் சுற்று, சூப்பர்ஹெட்ரோடைன் ஆகிய இரண்டையும் ஏற்கெனவே கொடுத்திருந்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் அதிர்வெண்ணை மிக அகலமாக ஆடவிட்டார். வாங்கும் பெட்டியில் முதலில் அலையின் வீச்சையெல்லாம் ஒரே மட்டத்துக்கு வெட்டிவிடும் வரம்பிடும் சுற்று. மின்னலின் குறும்பு பெரும்பாலும் அங்கேயே போய்விடும். பிறகு அதிர்வெண் அசைவை மட்டும் ஒலியாக்கும் சுற்று. ஆட்டம் அகலமாக அகலமாக இரைச்சல் குறைந்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால் வலுத்தது மெலிந்ததை முழுவதுமாக அமுக்கிவிடும் என்ற இன்னொரு குணமும் தெரிந்தது. இதற்கான காப்புரிமைகள் 1933 டிசம்பர் 26 அன்று வழங்கப்பட்டன.

1934இல் ஆர்சிஏ நிறுவனம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சோதனைக்கு இடம் கொடுத்தது. 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒலி தெளிவாகக் கேட்டது. ஆனால் ஆர்சிஏயின் கவனம் தொலைக்காட்சியில் இருந்தது. அடுத்த ஆண்டு கருவிகளை எடுத்துச் செல்லச் சொன்னார்கள். 1935 நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர் கழகக் கூட்டத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பெட்டியை இயக்கினார். நண்பர் ஒருவரின் வீட்டு நிலையத்திலிருந்து, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றும் ஓசையும் காகிதம் கசங்கும் ஓசையும் அரங்கில் தெளிவாக எழுந்தன. பிறகு சொந்தப் பணத்தில் நியூஜெர்சியின் ஆல்பைனில் 120 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கோபுரம் எழுப்பி, 1939இல் ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கினார்.

போர்க்காலம் அவருக்குச் சாட்சி சொன்னது. எஞ்சின் பொறிகளுக்கு நடுவே பேச வேண்டிய டாங்குப் படை வானொலிக்கு அமெரிக்க ராணுவம் எஃப்எம் எனப்படும் அதிர்வெண் பண்பேற்றத்தையே தேர்ந்தது; ராணுவத்திடம் அவர் உரிமைத்தொகை வாங்கவில்லை. போர் முடிந்ததும் அடி விழுந்தது. 42–50 மெகாஹெர்ட்ஸில் இருந்த எஃப்எம் ஒலிபரப்பை 1945 ஜூனில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளியது. கீழ்ப்பட்டையில் தொலைதூர நிலையங்கள் வந்து குறுக்கிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அது முற்றிலும் ஆதாரமற்றதல்ல என்றாலும், லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே ஆணையில் பயனற்றுப்போயின. எந்த முறையும் அதன் பெட்டிகளோடுதான் வாழும் என்பதை வேறு எந்த நிகழ்ச்சியும் இவ்வளவு கொடூரமாகக் காட்டவில்லை. ஆர்சிஏயோடு 1948இல் தொடங்கிய காப்புரிமை வழக்கு செல்வத்தையும் மணவாழ்வையும் கரைத்த நிலையில், 1954 ஜனவரி 31 அன்று ஆர்ம்ஸ்ட்ராங் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மேரியன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தினார். ஆர்சிஏ சுமார் பத்து லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமானது. கடைசி வழக்கு, மோட்டரோலாவோடு, 1967இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

எஃப்எம் முதலில் செழித்த நாடு ஜெர்மனி என்று சொல்லலாம். அது போரில் அடைந்த தோல்வியின் விளைவு. 1948 கோபன்ஹேகன் ஒப்பந்தம் மத்திய அலையில் ஜெர்மனிக்கு மிகச் சில அலைவரிசைகளையே விட்டுவைத்தது. இடமில்லாத ஒலிபரப்பாளர்கள் மேலே உள்ள மீஉயர் அதிர்வெண்களுக்குப் போனார்கள். மியூனிக்கில் 1949 பிப்ரவரி 28 அன்று எஃப்எம் தொடங்கியது. நிலையங்கள் பெருகப் பெருக அந்நாட்டு நிறுவனங்கள் பெட்டியின் விலையைக் குறைத்தன.

ஸ்டீரியோ வந்தபோது பழைய பெட்டிகளைக் கைவிடக் கூடாது என்ற பாடம் மறக்கப்படவில்லை. 1961இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட முறையில் இடது, வலது ஒலிகளின் கூட்டுத்தொகை வழக்கம்போல் போகிறது. பழைய பெட்டிக்கு அது மட்டும் கேட்கும். இரண்டின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் துணை ஊர்தியில் ஏறுகிறது. அது ஏறும் விதம் வீச்சுப் பண்பேற்றம். துணை ஊர்தியை அடக்கிவிட்டு, அதை மீட்க 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டிச் சுரம் மட்டும் அனுப்புகிறார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கின் முறைக்குள்ளே, ஊர்தியை அடக்கும் கார்சனின் யோசனை குடியிருக்கிறது. ஸ்டீரியோ இல்லாத ஒலிபரப்பில் உச்ச ஆட்டம் 75 கிலோஹெர்ட்ஸ், ஒலி 15 கிலோஹெர்ட்ஸ்வரை என்று கொண்டால் தேவைப்படும் பட்டை அகலம், இரண்டின் கூட்டுத்தொகையைப் போல் இரு மடங்கு, அதாவது 180 கிலோஹெர்ட்ஸ். எஃப்எம்மைப் பயனற்றது என்றவரின் பெயரால் அந்த வாய்ப்பாடு கார்சன் விதி என்றே வழங்குகிறது.

இந்தியாவின் முதல் எஃப்எம் சேவை 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. அப்போது நகரத்தில் அதைப் பிடிக்கும் பெட்டிகள் மிகக் குறைவு. பல ஆண்டுகள் அது கேட்பார் குறைந்த சேவையாகவே இருந்தது. நிலைமையை மாற்றியதில் ஒலிபரப்புக் கொள்கைக்கு இருந்த பங்கு சில்லுகளுக்கும் உண்டு. 1983இல் ஃபிலிப்ஸ் வெளியிட்ட டிடிஏ7000 என்ற ஒற்றைச் சில்லு ஏறக்குறைய முழு எஃப்எம் பெட்டியையும் தன்னுள் அடக்கியது. பட்டறையில் கையால் திருகி ஒத்திசைக்க வேண்டிய சுருள்கள் பெரும்பாலும் மறைந்தன. அதன் வழிவந்த சில்லுகளால் சட்டைப்பை ரேடியோ சில நூறு ரூபாய்க்குள் வந்தது. பிறகு செல்போனுக்குள்ளேயே எஃப்எம் புகுந்தது. இயர்ஃபோன் ஒயரே ஏரியல். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவதால் உயரம்தான் அதற்குப் பலம். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் வானொலி நிலையம் தென்மாவட்டங்களில் வெகுதூரம் கேட்பதற்குக் காரணம் அந்த மலைதான்.

வீச்சுப் பண்பேற்றம் அதனால் மறைந்துவிடவில்லை. விமானிகளும் கட்டுப்பாட்டு அறைகளும் 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இன்றும் அதில்தான் பேசுகின்றனர். உலகமெங்கும் விமானங்களில் உள்ள கருவிகளை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது ஒரு காரணம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குரல் மற்றதை ஓசையின்றி விழுங்கிவிடாமல் மோதலின் சீழ்க்கையாவது கேட்கும் என்பது இன்னொன்று. எஃப்எம்மின் சிறப்பு வானத்தில் குறையாகிவிடுகிறது. கடலில் நேர்மாறு: கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் வைத்திருக்கும் விஎச்எஃப் கருவிகள் எஃப்எம் வகையைச் சேர்ந்தவை.

டிஜிட்டல் முறைகள் வீச்சையும் கட்டத்தையும் ஒருசேர மாற்றி, ஒரே அலையில் பல இலக்கங்களை ஏற்றுகின்றன. ஒரு வேகமான ஊர்திக்குப் பதில் நூற்றுக்கணக்கான மெதுவான ஊர்திகளை நெருக்கி அடுக்கலாம் என்று பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் 1966இல் காட்டினார். சிற்றலையில் பாட்டை உடைத்த பல பாதைச் சிக்கலுக்கு இதுதான் மருந்து. எந்த ஊர்தி அழிந்தாலும் இழப்பு சிறு பங்கே. கணக்கு மிகுதி என்பதால் மலிவான செயலிகள் வரும்வரை அது காத்திருந்தது. பிபிசி 1995இல் இந்த வகை டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. நார்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்எம்மை நிறுத்தி அவற்றை அதற்கு மாற்றியது.

இந்தியா மத்திய அலைக்காக டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையைத் தேர்ந்தது. ஆல் இந்தியா ரேடியோ சென்னை உட்படப் பல நகரங்களில் அதற்கான டிரான்ஸ்மிட்டர்களை நிறுவியது. குறைந்த மின்சாரத்தில் அதே பரப்பு, எஃப்எம்முக்கு நெருங்கிய ஒலி என்று பொறியியல் பக்கம் எல்லாம் சாதகம்தான். டிஆர்எம் பெட்டி மட்டும் எஃப்எம் பெட்டியைப்போல் பல மடங்கு விலை. வீடுகளில் அதைக் காண்பது அரிது, சில வகைக் கார்களில்தான் அது சேர்ந்து வருகிறது. ஆகவே அந்த டிரான்ஸ்மிட்டர்கள் பலவும் டிஜிட்டல் அலைக்குப் பக்கத்திலேயே, ஊர்தி அலையோடும் இரண்டு பக்கப்பட்டைகளோடும், பழைய வீச்சுப் பண்பேற்ற ஒலிபரப்பையும் சேர்த்தே நடத்தி வந்திருக்கின்றன.